திருத்திப் படிக்கவும்

எங்கள் தெருமுனையில் ஒரு 'முடித்திருத்தகம்' இருக்கிறது. நடுவில் அந்தத் 'த்' வரவே கூடாது. மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் மூன்று முறையும் "உக்காருங்க சார்" என்றார். ஒரு த் அதிகமாகப் போடுகிறவரிடம் தலையைக் கொடுக்க மனமில்லாமல் இரண்டு தெரு தாண்டிப் போய் வெட்டிக்கொள்கிறேன். இந்தக் குணத்துக்கு எனக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஒரு வாரப் பத்திரிகையில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பிழை களைய வேண்டும். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று எல்லோரையும் படுத்தி எடுப்பதால் அலுவலகத்தில் எனக்கு 'ஒற்றர்' என்று பெயர். வேவு பார்க்கிறவன் என்ற அர்த்தமும் சேர்ந்துகொள்வதில் அவர்களுக்கு இரட்டைச் சந்தோஷம்.

பதினான்கு வருடங்களில் எங்கள் பத்திரிகை ஒரு திருத்தம்கூட வெளியிட்டதில்லை. 'சென்ற இதழில் இன்னது என்பதை இன்னது என்று திருத்திப் படிக்கவும்' என்று மற்றப் பத்திரிகைகள் மூலையில் பொடி எழுத்தில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அந்தத் தலைக்கனத்தில்தான் இவ்வளவையும் செய்துவைத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா ஒரு மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்கிறாள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஈ ஓட்டும் நேரம். அந்த நேரத்தில் இருமல் மருந்து விளம்பரத் தாள்களின் முதுகில் கதை எழுதுவாள். ஐந்து வருடத்தில் ஒன்பது கதைகளை எங்கள் பத்திரிகைக்கே அனுப்பினாள். ஒன்பதும் போன வேகத்தில் திரும்பி வந்தன. எனக்கு ஒன்றைக்கூடக் காட்டியதில்லை. "நீ கதைய படிக்க மாட்ட, எழுத்த படிப்ப" என்பாள். தம்பி வேலை பார்க்கும் இடம் என்று சிபாரிசுக்கும் வரமாட்டாள். அந்த விஷயத்தில் ரோஷக்காரி.

ஒன்பதாவது கதை திரும்பி வந்தபோது ஆசிரியர் கைப்பட இரண்டு வரி எழுதியிருந்தார். 'முடிவு வானத்திலிருந்து குதிக்கிறது. முன்னாலேயே கொஞ்சம் கோடி காட்டுங்கள்.' அதை அக்கா சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். மாமா எடுத்துப் படித்தார். மாமா என்றால் அக்காவின் கணவர்.

"கோடி காட்டணுமாமா? நான் இன்னும் லட்சத்தையே கண்ணால பாத்ததில்ல" என்று சொல்லி அவரே சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவ என்ன நினைக்கிறான்னா, இனிமே எழுத வேணாம்னு நினைக்கிறா. கண்ணும் கெட்டுப்போகுது பாரு."

அக்கா தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

மாமா கெட்டவர் இல்லை. அடிக்க மாட்டார், அதட்ட மாட்டார், குடிக்க மாட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பழகுகிறவர்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். அக்கா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதி வழியில் மாமா பிரேக்கை அழுத்திவிட்டு, மீதியை அவரே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பார். "அவளுக்குக் காப்பி வேணாம், டீதான் பிடிக்கும்." "அவ என்ன சொல்ல வர்றான்னா…" இப்படி இருபத்திரண்டு வருடம். விருந்தாளிகள் மாமாவை ரொம்பக் கலகலப்பானவர் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பத்தாவது கதையை எழுத அக்கா எட்டு மாதம் எடுத்துக்கொண்டாள். அதற்கு 'ஆறு மணி' என்று பெயர். அனுப்பிய மூன்றாம் வாரம் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்கா கதை பிரமாதமா வந்திருக்கு, இந்த இதழ்ல போடறோம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலமே அக்காவிடம் ஓடினேன். அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நான் எழுதினது எழுதின மாதிரியே வரணும். இந்த வீட்டுல நான் சொல்றது எதுவும் சொன்ன மாதிரி போய்ச் சேர்றதில்ல. இதாவது சேரட்டும்."

"அக்கா, உன் கதைல ஒரு புள்ளி தப்பா வந்தா நான் வேலையையே விட்டுடறேன்" என்றேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்க ஒரு முறை உண்டு. ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சான தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார். உரக்கப் படிக்கும் அம்மாளுக்கு 'வானொலி' என்று பெயர். காற்புள்ளியைக்கூட விடாமல் வாசிப்பார். அந்த வாரம் பார்த்து வானொலிக்குக் கடைவாய்ப் பல் வலி, இரண்டு நாள் லீவு. பக்கம் முடிக்க வேண்டிய கடைசி நாள். மூலப் பிரதி ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவியோடு அவர் எங்கேயோ கூட்டத்துக்குப் போயிருந்தார். பொருளை வைத்தே திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதினான்கு வருட அனுபவம் பின்னே எதற்கு?

இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் தட்டச்சுக்காரருக்கு ர, ற இரண்டும் ஒன்று; ல, ள இரண்டும் ஒன்று. 'மூளை அறுவை சிகிச்சை' என்பதை 'மூலை அறுவை சிகிச்சை' என்று அடித்த மகான். அவர் பெயரே 'றகரம்' ஆகிவிட்டது. சந்தேகம் என்று வந்தால் பழி றகரத்துக்குத்தான் என்பது அலுவலகத்தில் எழுதாத சட்டம்.

கதையைப் பிரித்தேன். ஒரு மனைவி, ஒரு கணவர். அவர் வேலையிலிருந்து வந்ததும் அவள் ஒரு டம்ளர் பால் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. இரண்டாம் பத்தியிலேயே முதல் பிழை அகப்பட்டது. 'மேசை விரிப்பின் ஓரத்தில் சிவப்புக் கறை.' விரிப்பின் ஓரத்தில் இருப்பது கரை அல்லவா? துண்டுக்குக் கரை உண்டு, வேட்டிக்குக் கரை உண்டு, விரிப்புக்கும் உண்டு. கறை என்றால் அழுக்கு. என் அக்கா கதையில் அழுக்கு விரிப்பு வருமா? றகரத்தை மனதுக்குள் நாலு வார்த்தை வைது, ற-வைச் சுழித்து ர போட்டேன்.

அடுத்த பக்கம். 'கணவரைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் ஒரு துளி விஷம் இருந்தது.' கட்டினவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பில் விஷம் எதற்கு? விஷமம். ஒரு ம கீழே விழுந்திருக்கிறது. எடுத்து உரிய இடத்தில் வைத்தேன். பிறகு, 'பேருந்து ஆறு மணிக்குத் தெருமுனைக்கு வரும். அவர் இறக்கும் நேரத்தை அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்' என்று வந்தது. பேருந்து வந்தால் ஆள் இறங்குவாரா, இறப்பாரா? ஒரு மெய்யெழுத்தை மாற்றினேன். இறங்கும் நேரம் ஆயிற்று. மனைவி வாசலைப் பார்த்தபடி காத்திருக்கும் காட்சி அப்படியே கண்ணில் தெரிந்தது.

நடுவில் பிழையே இல்லாத வரிகளும் இருந்தன. கணவர் இரண்டு நாள் பால் கசக்கிறது என்கிறார், மூன்றாம் நாள் சொல்லவில்லை. மனைவியின் கைப்பக்குவம் பழகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். அவர் மிச்சம் வைத்ததைக் குடித்த பூனை அன்று முழுவதும் தூங்கியது. பாவம், வாயில்லா ஜீவனுக்கும் வயிறு நிறைந்த வீடு என்று நினைத்தேன். குளிர் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே கணவரின் கம்பளிச் சட்டைகளை அவள் எடுத்து யாருக்கோ கொடுத்துவிடுகிறாள். என்ன தாராளம்.

கடைசி வரிக்கு வந்தேன். 'டம்ளர் காலியாகும்வரை அவள் பக்கத்திலேயே நின்று சிரித்துக் கொன்றாள்.' கொண்டாள் என்பதைக்கூட ஒழுங்காக அடிக்க வராதா ஒரு மனிதனுக்கு? இரண்டு எழுத்தை மாற்றினேன், இடைவெளியையும் எடுத்தேன். சிரித்துக்கொண்டாள். சேர்த்து எழுதுவதுதான் முறை. முழுதாக ஒரு முறை படித்துப் பார்த்தேன். அக்கா மாமாமீது இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாளா என்று வெட்கம்கூட வந்தது, ஒட்டுக்கேட்டுவிட்டதைப் போல.

இதழ் வெளியான அன்று மாமா பத்துப் பிரதி வாங்கினார். "பஸ்னு மாத்தி எழுதியிருக்கா, பாலுன்னு மாத்தியிருக்கா, மத்தபடி அது நான்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கதைப் பக்கங்களைக் கத்தரித்து லேமினேட் செய்து பயிற்சிப் பள்ளியில் போக்குவரத்துக் குறிகளின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கார் பழக வருகிறவர்கள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "வீட்டுக்காரம்மா எழுதினது, படிச்சீங்களா?" என்று கேட்பாராம். விளக்குப் பச்சையானதைக்கூடக் கவனிக்காமல் அவர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்திருக்கின்றன.

கடிதங்கள் வந்து குவிந்தன. 'ஆறு மணிக்குப் பாலோடு காத்திருக்கும் மனைவி கிடைத்தவன் கொடுத்துவைத்தவன்.' 'கம்பளியைத் தானம் செய்யும் காட்சியில் அழுதுவிட்டேன்.' ஒருவர் பூனையைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மொத்தம் எழுபத்தொரு கடிதம். எந்தக் கதைக்கும் அவ்வளவு வந்ததில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பத்திரிகையைப் பிரித்து என் மேசையில் வைத்தாள்.

"இது யாரு எழுதினது?"

"என்னக்கா கேள்வி இது? நீதான்."

"நான் எழுதினத எடுத்துட்டு வா."

அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். இருமல் மருந்துத் தாள்கள், முத்து முத்தான கையெழுத்து. கறை என்பதில் ற தெளிவாக இருந்தது. விஷம் என்பது விஷம்தான். கடைசி வரியில் இடைவெளிகூட அளந்துவிட்டது போல இருந்தது. விளிம்பில் அங்கங்கே பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

"இதெல்லாம் என்ன?"

"கோடி காட்டின இடம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி. அடுத்தடுத்து ரெண்டு வந்தா ஒண்ண எடுத்துத் தள்ளி வெச்சேன். எலி மருந்து சிவப்பா இருக்கும், அது சிந்தின கறை. அத முதல்லயே பாத்துட்டா ஜனங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும், பாக்காம விட்டுட்டா பிரயோசனம் இல்ல. பாத்தும் பாக்காத மாதிரி இருக்கணும். அந்த ஒரு வரிக்கு மூணு வாரம் ஆச்சுடா."

றகரம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிழையே இல்லாமல் அடித்திருக்கிறார். நான் கை வைத்தது பதினொன்றில் மூன்று. மீதி எட்டையும் தொடவில்லை. ஆனால் கடைசி வரியில் சாவு போனதும் அந்த எட்டும் தாமாகவே கொஞ்சலாக மாறிவிட்டன. கசப்பு கைப்பக்குவம் ஆயிற்று, மயக்கம் தூக்கம் ஆயிற்று. கம்பளிச் சட்டை இனி அவருக்குத் தேவைப்படாது என்பதைத்தான் அவள் அவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள். கடிதம் எழுதிய எழுபத்தொரு பேரும் நானும் சேர்ந்து அதைத் தர்மம் என்று படித்தோம்.

"சந்தேகம் வந்தா கேக்க மாட்டியா?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "கடைக்கு வர்ற சீட்டுல டாக்டர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நாங்க ஊகிக்கறதில்ல. போன் போட்டுக் கேப்போம். ஊகிச்சா ஆள் போயிடும்."

"இதுல ஆள் பொழச்சுக்கிட்டாரேக்கா" என்றேன், மெதுவாக.

அவள் சிரிக்கவில்லை. "நான் கொல்ல மாட்டேன்னு எப்படி முடிவு பண்ண?" என்றாள். விஷம் என்று அச்சில் கண்ணுக்கு நேரே இருந்தும், என் அக்கா அப்படி எழுதியிருக்க முடியும் என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததை நான் பிழை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆசிரியர் அறைக்குப் போனோம். அவர் கடிதக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "அம்மா, நான் படிச்சது கொலைக் கதைதான். அச்சுல எப்படியோ குடும்பக் கதையாயிடுச்சு. ஆனா பாருங்க, ஜனங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு. மாசம் ஒரு கதை இதே மாதிரி குடுங்க. உங்களுக்குன்னே ஒரு பக்கம் ஒதுக்கறேன்."

அக்கா அந்தக் கடிதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஐந்து வருடம் திருப்பி அனுப்பியவர்கள் இப்போது பக்கம் ஒதுக்குகிறார்கள்.

"திருத்தம் போடுங்க சார்" என்றாள்.

"போட்டா படிக்கறவங்க பயந்துடுவாங்கம்மா."

"பயப்படத்தானே எழுதினேன்."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். "ஒற்றர் எழுதிக் குடுத்தா போடறேன். பிழை தன்னோடதுன்னு அவர்தான் ஒத்துக்கணும்" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது அக்காவை நிறுத்தினேன். பதினான்கு வருடப் பெருமை போகிறதே என்ற வருத்தம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

"மாமா அத லேமினேட் பண்ணி மாட்டியிருக்காருக்கா."

"தெரியும்."

"அது அவருதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. திருத்தம் வந்தா படிப்பாரு."

"படிக்கட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன ஆகும்னு எனக்கே தெரியல" என்றாள். "நான் எழுதினத எனக்குத் திருப்பிக் குடுடா. மத்தத நான் பாத்துக்கறேன்."

இரண்டு நாள் அந்தத் திருத்தத்தை எழுதாமல் வைத்திருந்தேன். ஒரு குடும்பம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, நான்கு சொல்லுக்காக அதைக் கலைப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, நன்றாகப் போகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தேன். மாமா சொன்னார். அக்கா சொல்ல வருவது இதுதான் என்று அவர் வீட்டில் செய்ததை நான் அச்சில் செய்திருக்கிறேன். அவருக்காவது பழக்க தோஷம். எனக்குச் சம்பளம் வேறு. அந்த அவமானத்தோடு உட்கார்ந்து எழுதினேன். பல் வலி தீர்ந்து வந்திருந்த வானொலி, மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். 'கொன்றாள்' என்று அவர் வாசித்தபோது றகரம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்த இதழில், வாசகர் கடிதப் பக்கத்தின் மூலையில், எறும்பு சைஸ் எழுத்தில் வந்தது: 'சென்ற இதழில் வெளியான "ஆறு மணி" சிறுகதையில் கரை என்பதைக் கறை என்றும், விஷமம் என்பதை விஷம் என்றும், இறங்கும் என்பதை இறக்கும் என்றும், சிரித்துக்கொண்டாள் என்பதைச் சிரித்துக் கொன்றாள் என்றும் திருத்திப் படிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்.'

யார் கண்ணிலும் படாது என்று ஒரு நப்பாசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா போன் செய்தார். "கொஞ்சம் வீடு வரைக்கும் வந்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். வழக்கமாகப் பத்து நிமிடம் பேசுகிறவர்.

போனபோது அக்கா முன்னறையில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா மேசையில் லேமினேட் செய்த கதையை வைத்து, பக்கத்தில் புதிய இதழைப் பிரித்து வைத்திருந்தார். பேனாவால் திருத்தப் பார்த்திருக்கிறார். அந்த வழுவழுப்பில் மை ஏறவில்லை. நீலமாக நாலு இடத்தில் ஈஷிக்கொண்டு கிடந்தது.

"இது டைப் அடிக்கறவர் தப்புதானே?" என்றார் என்னிடம். ஆமாம் என்று நான் சொன்னால் போதும் என்று அவர் முகம் கேட்டது.

"இல்ல மாமா. அவரு சரியாத்தான் அடிச்சாரு. மாத்தினது நான். இப்ப வந்திருக்கே, அதுதான் அக்கா எழுதினது."

மாமா குனிந்து படித்தார். உதடு அசைந்தது. முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு மறுபடி நடுவுக்குப் போனார்.

"பூனை ஏன் தூங்குச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரித்தால் என்னைக் கொன்றுபோடலாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். மாமா அக்காவைப் பார்த்தார்.

"இது நான் இல்லதானே? பஸ்ஸுல வர்றாரு, பால் குடிக்கறாரு. நான் பாலே குடிக்கறதில்ல."

அக்கா ஒரு சட்டையின் காலரைத் திருப்பி அழுத்தினாள். "நீங்கதான்" என்றாள்.

மாமா நாற்காலியில் சாய்ந்தார். அவர் அடுத்த வாக்கியத்தை எடுத்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேள்வி கேட்டார். அவர் அக்காவைக் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"எப்பலேருந்து?"

"டாக்ஸி போச்சே, அன்னிக்கிலேருந்து."

"எந்த டாக்ஸி?"

"கல்யாணமாகி மூணு மாசம். உங்க பெரியம்மாவைப் பாக்கப் போயிட்டு வர்றோம். நல்ல மழை. உங்களோட வேலை பாக்கறவங்க ரெண்டு பேரு கூட நின்னாங்க. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்ஸி காலியா போகுது. எல்லாரும் கையக் கையக் காட்டறீங்க, அவன் பாக்கல. நான் சீட்டி அடிக்கறதுக்கு விரலை வாய்கிட்ட கொண்டுபோனேன். நீங்க கையப் பிடிச்சு இறக்கிட்டு அவங்களப் பாத்துச் சிரிச்சீங்க. 'சும்மா விளையாடறா, அவளுக்கு அதெல்லாம் தெரியாது'ன்னு சொன்னீங்க. டாக்ஸி போயிடுச்சு. வீடு வரைக்கும் நனைஞ்சுகிட்டே வந்தோம்."

மாமாவுக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "உனக்குச் சீட்டி அடிக்கத் தெரியுமா?" என்றார்.

தெரியுமாவா? இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து அவள் ஒரு ஊது ஊதினால் நாலு தெரு தாண்டி மைதானத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும். போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடி வருவேன். எங்கள் பக்கத்தில் எந்தப் பையனாலும் அவளைப் போல அடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். அது எப்போது நின்றது என்பது எனக்குத் தெரியாது. நின்றுவிட்டதே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு தடவ அடி, கேக்கறேன்" என்றார் மாமா. கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து ஊதினாள். காற்றுதான் வந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு, நாக்கைச் சரியாக வைத்து, இன்னும் பலமாக ஊதினாள். கன்னம் சிவந்தது. அப்போதும் வெறும் காற்று. நானும் மாமாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது முறை பாதியிலேயே விரலை எடுத்துவிட்டாள்.

"நீங்க சொன்னது சரிதான்" என்றாள் மாமாவிடம். "எனக்குத் தெரியாது."

பிறகு சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.